கினி பிக் சாப்பிடவில்லை என்றால் மூன்று நாள் காத்திருக்காதீர்கள்

கினி பிக் என்பது வீட்டில் செல்லமாக வளர்க்கும், கொறிக்கும் சிறு பிராணி. சாப்பிடாமல் கிடக்கிறதென்று எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வந்ததில் இந்த மாதத்தில் இது நான்காவது. போன சனிக்கிழமை மாலை பெங்களூரு ஜீவன்பீமா நகரிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் ஷூ டப்பாவில் துண்டு விரித்து ஒரு கினி பிக்கைக் கொண்டுவந்தார்கள். பெயர் லட்டு. முன்பு நகம் வெட்ட வந்தபோது 1,050 கிராம் என்று எங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. சனிக்கிழமை தராசு காட்டியது 640. தாடையும் கழுத்தும் எச்சிலில் நனைந்து ரோமம் திரிதிரியாக ஒட்டிக் கிடந்தது.

"மூணு நாளா பசியே இல்ல மேடம். தட்டுகிட்ட ஓடி வரும், மோந்து பார்க்கும், ஒரு துண்டு எடுக்கும், கீழ போட்டுடும். செல்லம் குடுத்து கெடுத்துட்டோம், அடம் பிடிக்குதுன்னு விட்டுட்டோம்" என்றார் அந்த அம்மா.

மூன்று நாளில் 400 கிராம் குறையாது. வாரக்கணக்காகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, அடர்ந்த ரோமம் அதை மறைத்துவிட்டது. தட்டைப் பார்த்து ஓடி வருகிற பிராணிக்குப் பசி இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. மென்று விழுங்கத்தான் முடியவில்லை. மயக்கம் கொடுத்து வாயைத் திறந்து பார்த்தோம். கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, நாக்குக்கு மேலே பாலம் கட்டியதுபோல் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நாக்கு அதற்கடியில் சிக்கிக் கிடந்தது. இத்தனை நாளும் அந்தக் குழந்தை நீட்டிய வெள்ளரிக்காயை லட்டு எப்படித் தின்னும்?

"ஆனா பல்லு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார்கள். எல்லோரும் கேட்பதுதான். நீங்கள் பார்ப்பது முன்பற்கள் நான்கை மட்டும். கினி பிக்குக்கு மொத்தம் 20 பற்கள். மிச்சம் 16 பல் கடைவாயில், கன்னச் சதை மூடிய இடுக்கில் இருக்கின்றன. இருபதும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வீட்டில் யாரும் அதைப் பார்க்க முடியாது. மயக்கம் கொடுக்காமல் நாங்கள் கருவியை விட்டுப் பார்த்தாலும் பாதிதான் தெரியும், வேரைப் பார்க்க எக்ஸ்ரே வேண்டும்.

அடுத்த கேள்விதான் எனக்கு வருத்தமும் கோபமும் தருவது. "கொறிக்கக் கட்டை போட்டிருக்கோமே, சுண்ணாம்புக் கல் தொங்க விட்டிருக்கோமே, கேரட் கூட குடுக்கறோமே, அப்புறம் எப்படி பல் வளரும்?" விற்கிற கடையிலேயே இப்படிச் சொல்லி அனுப்புகிறார்கள். தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். கட்டையைக் கொறிப்பது முன்பல். கடைவாய்ப்பல் அதைத் தொடுவதே இல்லை. கேரட்டும் பெல்லட்டும் (கடையில் விற்கும் குச்சித் தீவனம்) நாலு கடியில் நொறுங்கி உள்ளே போய்விடும். அம்மிக்கல்லை நினைத்துப் பாருங்கள். மேலே ஒரு மஞ்சள் கிழங்கை வைத்து நாலு தட்டு தட்டினால் அம்மி தேயாது. நாள்தோறும் அரைத்து அரைத்துத்தான் அது குழிகிறது. கடைவாய்ப்பல்லும் அப்படித்தான். புல்லை மணிக்கணக்கில் அரைத்தால்தான் தேயும். புல்லில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது, நார் இருக்கிறது. பொருள் எவ்வளவு கெட்டி என்பது இங்கே கணக்கே இல்லை, எவ்வளவு நேரம் அரைக்கிறது என்பதுதான் கணக்கு. முன்பல் நீண்டுவிட்டது என்று நகவெட்டியை எடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பெரும்பாலும் கடைவாயில் கோளாறு வந்த பிறகுதான் முன்பல் நீள்கிறது. நகவெட்டியால் வெட்டினால் பல் வேர்வரை பிளந்துவிடக்கூடும். வெட்டாதீர்கள்.

ஆக, தட்டில் இருப்பதில் பெரும்பங்கு காய்ந்த புல்லாக இருக்க வேண்டும், இருபத்துநாலு மணி நேரமும். டிமோதி, ரோட்ஸ், ஓட்ஸ் புல் எதுவும் சரி. விலை அதிகம் என்பது எனக்கும் தெரியும். அருகம்புல் கொடுக்கலாம். கே.ஆர். மார்க்கெட்டில் பிள்ளையாருக்கென்று கட்டுக்கட்டாக வருகிறதே, அதை நன்றாகக் கழுவி ஈரம் போகப் பரப்பிவிட்டுக் கொடுங்கள். பூங்காவிலும் சாலையோரத்திலும் பறிக்காதீர்கள், மருந்து தெளித்திருப்பார்கள். புதிதாகப் புல் கொடுப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) குட்டிகளுக்கும் சினையாக இருப்பதற்கும் மட்டும். வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து கூடி மூத்திரப்பையில் கல் சேரும். அது வேறு கதை, அதற்கும் என்னிடம்தான் வருவீர்கள்.

வைட்டமின் சி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம்மைப்போலவே கினி பிக்கின் உடம்பாலும் அதைத் தயாரிக்க முடியாது. கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. குறைந்தால் பல்லைப் பிடித்திருக்கும் திசு தளர்ந்து, பல் ஆடிக் கோணலாகும். முயலுக்கென்று விற்கும் பெல்லட்டில் அது சேர்த்திருக்காது. கினி பிக் பெல்லட்டிலும் பையைப் பிரித்து மாதக்கணக்கில் வைத்திருந்தால் மிஞ்சாது. தண்ணீரில் சொட்டு விடுவது வீண், சீக்கிரமே சிதைந்துவிடும். தினமும் குடைமிளகாய் ஒரு கீற்று போதும், விதையை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. சென்ற வாரம் ஒருவர், பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மிச்சம் இருந்ததென்று இரண்டு வேளை ஊற்றிவிட்டு வந்தார். அந்தக் கினி பிக்கைக் காப்பாற்ற முடியவில்லை. இதுபோன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் அதன் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நஞ்சு உண்டாக்குபவை பெருகிவிடும். மருந்துக்கடையில் கேட்டு எதையும் ஊற்றாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டில் சமையல் தராசு இருக்கிறதல்லவா? வாரம் ஒருநாள் ஒரே நேரத்தில் ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து எடை போட்டு, காலண்டரில் எழுதுங்கள். 50 கிராம் குறைந்தால் கவனியுங்கள், 100 குறைந்தால் கிளம்புங்கள். தாடை ஈரம், ஒரு கண்ணில் மட்டும் நீர், கீழ்த்தாடை எலும்பில் விரலுக்குத் தட்டுப்படும் முடிச்சு, புழுக்கை சிறுத்துப் போவது, புல்லை விட்டு மெத்தென்ற பழத்தை மட்டும் தேடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எடைக்காகக் காத்திருக்க வேண்டாம். 12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை என்றால் அது அவசரம். குடல் ஓட்டம் நின்றுவிடும், கல்லீரலில் கொழுப்பு படியும், அதன்பின் பல்லைச் சரிசெய்தும் பயனிருக்காது.

லட்டுவின் நீண்ட பல்லைத் தேய்த்துக் குறைத்துவிட்டோம். அந்தச் சிறுமி மூன்று மணிக்கொரு முறை, ஊறவைத்து மசித்த பெல்லட்டை ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவருகிறாள். நேற்று 675 கிராம். ஆயுள் முழுக்கச் சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து தேய்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் வரும்போது, கூட வளரும் இன்னொரு கினி பிக் இருந்தால் அதையும் அழைத்து வாருங்கள், பயம் குறையும். பெல்லட் பையைக் கொண்டு வாருங்கள். மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்று நாய்க்குச் செய்வதுபோல் இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினிதான் அதற்கு ஆபத்து. எப்போது நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்வரை புல் கூண்டிலேயே இருக்கட்டும்.