ப்ஃபான்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

ஜெர்மனியில் தண்ணீர் பாட்டில் வாங்கினால் ரசீதில் விலைக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ப்ஃபான்ட், 0.25 யூரோ. குடித்து முடித்து, காலி பாட்டிலைக் கடையிலுள்ள எந்திரத்தின் வட்ட வாய்க்குள் வைக்க வேண்டும். எந்திரம் அதை உருட்டிப் பார்த்து, பார்கோடைப் படித்து, உள்ளே இழுத்து நசுக்கும். பிறகு ஒரு சீட்டு வரும். கல்லாவில் நீட்டினால் 25 சென்ட் கைக்கு வந்துவிடும். இடம் அடைக்கிறதே என்று வீட்டிலேயே நசுக்கி எடுத்துப்போனால் பார்கோடு படியாது, எந்திரம் பாட்டிலைத் துப்பிவிடும்.

இந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் அடகு. அடகுக்கடைக்கும் அங்கே ப்ஃபான்ட்ஹவுஸ் என்றுதான் பெயர். தெற்கு ஜெர்மன் வழக்குகளில் சொல்லின் முதலில் வந்த 'ப்' ஒலி 'ப்ஃ' என்று திரிந்தது. பெப்பர் அங்கே ப்ஃபெஃபர் ஆனதும் இதே வழியில்தான். வடக்கே திரியாமல் நின்ற வடிவம் கடல் தாண்டிப் போய் சுவீடன், நார்வே, டென்மார்க்கில் 'பான்ட்' ஆயிற்று. சுவீடன்காரர்கள் அதை வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்: காலி டப்பாவைத் திருப்பிக் கொடுப்பது 'பான்டா'. அங்கே அலுமினிய டப்பாவுக்கு 1984 முதல் இது உண்டு. ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டில், டப்பாக்களுக்கு 2003 ஜனவரி 1 முதல் கட்டாயம்.

ஜப்பானில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இப்படிப் பணம் பிடிப்பதில்லை. மூடியைக் கழற்றி, லேபிளை உரித்து, பாட்டிலை அலசி, அதற்குரிய நாளில் வெளியே வைக்கிறார்கள். குப்பை ஒன்றுதான், அதைத் திரும்ப வரவழைக்க ஒவ்வொரு நாடும் பிடிக்கும் கயிறு வேறு.

தமிழில் என்ன சொல்வது? பேச்சில் 'டெபாசிட்' போதும். எழுத்தில் 'வைப்புத்தொகை' என்றால் வங்கி நினைவுக்கு வருகிறது. 'முன்பணம்' விலையில் கழிந்துவிடும், திரும்பாது. எனக்குச் சரியாகப் படுவது 'ஈட்டுப்பணம்'. யாழ்ப்பாணத்தில் இன்றும் காணியை ஈடு வைப்பார்கள். ஈடு வைத்தது மீட்கக்கூடியது, வைத்தவருக்கே உரியது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வழக்கமாகப் பொருளை வைத்துப் பணம் வாங்குவோம். இங்கே பணத்தை வைத்துப் பாட்டிலை வாங்குகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு.

பெயரில் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் உண்டு. காட்டில் வீசப்படும் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022-இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் பிடித்து, காலி பாட்டில் வந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. அதைக் 'கூடுதலாக 10 ரூபாய்' என்று சொன்னால் கேட்பவருக்கு விலை ஏறியதாகத்தான் தோன்றும், பாட்டில் மறுபடி புதருக்குள் போகும். 'ஈட்டுப்பணம் ரூ.10' என்று தனி வரியாக எழுதிப் பாருங்கள். அந்தப் பத்து ரூபாய் இன்னும் நம்முடையது என்று படிக்கும்போதே தெரியும்.