முதிர்காடு: சொல் விளக்கம்

நெடுங்காலம் வெட்டப்படாமல் முதிர்ந்து நிற்கும் காட்டைக் குறிக்கும் 'ஓல்டு குரோத்' (old growth) என்னும் ஆங்கிலத் தொடருக்குத் தமிழ் தேடுவோருக்கு முதலில் தோன்றும் சொல் 'முதுகாடு'. ஆனால் சங்க இலக்கியத்தில் அச்சொல் ஈமக்காட்டுக்கு உரியது. கள்ளி ஓங்கி, பகலிலும் கூகை கூவும் சுடுகாட்டைத்தான் புறநானூற்றின் 356ஆம் பாடல் முதுகாடு என்கிறது. அந்தப் பொருளை மறைத்துவிட்டு அதே பெயரைக் காட்டுக்கு இடுவது முறையாகாது.

ஆங்கிலத் தொடர் மரம் வெட்டும் தொழிலில் பிறந்தது. வெட்டியபின் மீண்டும் வளர்ந்த காட்டிலிருந்து, கோடரி படாமல் நிற்கும் பழைய மரங்களைப் பிரித்துக் கூற அது வழங்கியது. அமெரிக்காவின் ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களின் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரக் காடுகளை ஆராய்ந்த சூழலியலாளர் ஜெரி ஃபிராங்க்ளின் குழுவினர், பெருமரங்கள், பல அடுக்கு விதானம் (மர உச்சிகள் சேர்ந்த கூரை), நின்றபடியே பட்டுப்போன மரங்கள், விழுந்து மட்கும் அடிமரங்கள் ஆகியவற்றை அக்காட்டின் அடையாளங்களாக 1981இல் எடுத்துரைத்தபோது, தொழிற்சொல் அறிவியற் சொல்லாக உறுதிபெற்றது.

மத்தியதரைக் கடல் நாடுகளில் இந்த அளவுகோல் அப்படியே பொருந்துவதில்லை. அங்கே பல நூற்றாண்டுகளாக மனிதன் தொடாத காடு மிக அரிது. கரும்பில் மறுதாம்பு விடுவதைப் போல, ஹோம் ஓக் (holm oak) என்னும் பசுமைமாறா மரங்களை அடித்தூர் மட்டும் நிற்கும்படி வெட்டி, துளிர்த்த கொம்புகளைச் சில பத்தாண்டுகளில் மீண்டும் வெட்டிக் கரி சுட்டார்கள். இன்றும் மலைச்சரிவில் கரி சுடுவதற்காக வட்டமாகச் சமன் செய்த திட்டையும், கிளறினால் கருமண்ணையும் காணலாம். அங்குள்ள தண்டில் துளைக்கருவியைச் செலுத்தி எடுக்கும் பென்சில் அளவு மரத்துண்டு தண்டின் வயதைத்தான் சொல்லும். அதைத் தாங்கும் அடித்தூர் அதனினும் பலமடங்கு மூத்ததாக இருக்கலாம். மேலும் ஹோம் ஓக்கின் ஆண்டு வளையங்கள் தெளிவற்றவை. எனவே வயதை மட்டும் நம்பி அங்கே காட்டை வகைப்படுத்த இயலாது. இத்தாலியில் 'பொஸ்கோ வெதுஸ்தோ' (பழமையான காடு) எனப்படும் காட்டுக்கு 2019இல் சட்டம் தந்த வரையறை, இடையூறின்றிக் குறைந்தது 60 ஆண்டுகள் கடந்திருப்பதையும், தானாகப் புதுப்பித்தலும் மூப்பும் அங்கே காணப்படுவதையும் கேட்கிறது. இது நேர்மையான வரையறை என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கருத்துக்கு 'முதிர்காடு' என்பதே தக்க சொல். அது வினைத்தொகை, முதிர்ந்த, முதிர்கின்ற, முதிரும் காடு என முக்காலமும் அதில் அடங்குவதால், நேற்றுவரை வெட்டுப்பட்டு இன்று மூப்பை நோக்கிச் செல்லும் காட்டையும் அது ஏற்கும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆதலால் 'முதிர்க்காடு' என எழுதுதல் பிழை. 'தொல்காடு' என்பதை வேறொரு பொருளுக்கு ஒதுக்கலாம்: மரங்கள் இளையனவாயினும் நிலம் நெடுங்காலம் காடாகவே நீடித்திருப்பது அது. இங்கிலாந்தில் 1600ஆம் ஆண்டு முதல் காடாகவே இருந்துவரும் நிலத்தை இவ்வகையில் சேர்க்கிறார்கள்.

முதிர்காட்டைப் பேணுதல் என்பது பெரும்பாலும் கைவைக்காமை. அப்பெனைன் மலையின் சாஸ்ஸோ ஃபிராத்தீனோ 1959இல் இத்தாலியின் முதல் முழுக்காப்பு வனமானது. ஐந்நூறு வயதைக் கடந்த பீச் (beech) மரங்கள் அங்கே நிற்கின்றன. தாழ்நிலக் காடுகளில் இது எளிதன்று. பட்டமரம் வண்டுக்கும் பூஞ்சைக்கும் வீடு. கோடைத் தீக்கு அதுவே எரிபொருள். ஆகவே நடுக்காட்டைத் தொடாமல், சுற்றெல்லையில் மட்டும் புதரைக் குறைப்பது ஏற்ற வழியாகப்படுகிறது.

துணைச்சொற்களுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நின்று பட்டது பட்டமரம், சாய்ந்தது வீழ்மரம், உட்குடைந்த இடம் பொத்து. புறநானூற்றின் 364ஆம் பாடலில் 'முதுமரப் பொத்தி'லிருந்து கூகைக்கோழி குரல் எழுப்புகிறது. ஆய்வாளர் இன்று காட்டில் தேடிக் குறித்துக்கொள்வதும் அந்தப் பொத்தைத்தான்.