சிறகடிக்காமல் ஏறும் செங்கால் நாரைகள்

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் முற்பகல், நகரத்தின் மேலே முப்பது பெரிய பறவைகள் சிறகடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தனவாம். "வழி தவறி வந்துவிட்டனவா?" என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

வெள்ளை உடல், சிறகின் பின்பாதி கறுப்பு, நீட்டிய கழுத்து, வாலைத் தாண்டி நீளும் சிவந்த கால்கள் என்று அவர் எழுதியிருப்பதால், அவை செங்கால் நாரைகள்தான். கழுத்தை மடித்துக்கொண்டு பறந்திருந்தால் கொக்கினம். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டுக் கூடு கட்ட வடக்கே திரும்புகின்றன. வழியெல்லாம் தவறவில்லை, நகரத்தின் சூட்டைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

வயல்கள் ஈரத்தில் குளிர்ந்து கிடக்கும் அந்த நாட்களில், தார்ச்சாலையும் மொட்டைமாடியும் வெயில் பட்டதும் விறுவிறுவெனச் சூடேறும். சூடான காற்று இலேசாகித் தூண்போல மேலெழும். இது பள்ளிப் பாடம். கண்ணுக்கே தெரியாத அந்தத் தூணின் நடுவை நாரை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் நான் சொக்கிப்போகிறேன்.

விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ 2 மீட்டர். நாரை தூணின் ஓரத்தைத் தொடும்போது, நடுவுக்கு அருகிலுள்ள சிறகைக் காற்று கூடுதலாகத் தூக்குகிறது. உடல் மறுபக்கம் சாய்கிறது. அப்படியே விட்டால் அந்தச் சாய்வே பறவையை வெளியே தள்ளிவிடும். நாரையோ தூக்கப்பட்ட சிறகை அமுக்கி, அந்தப் பக்கமே திரும்புகிறது! பிறகு சுற்றச் சுற்ற, ஏற்றம் எங்கே வலுக்கிறது, எங்கே தளர்கிறது என்று உணர்ந்து, வட்டத்தையே சிறிது சிறிதாக நகர்த்திக்கொள்கிறது. பைனாகுலரில் பாருங்கள்: சிறகு நுனியில் விரல்கள்போலப் பிரிந்த இறகுகள் வளைந்து வளைந்து நிமிரும்.

2018இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், அதே 2 மீட்டர் சிறககலமுள்ள, காற்றில் சறுக்கிப் பறக்கும் ஆளில்லாக் கிளைடருக்குத் தானாகக் கற்கும் நிரலைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். அதற்குக் கைகொடுத்தவையும் இதே இரண்டு குறிப்புகள்தான்: ஏறும் வேகத்தில் மாற்றம், இரு சிறகுகளுக்கும் இடையே தூக்கலில் வேறுபாடு.

கடலின் மேல் இத்தகைய தூண்கள் எழுவது அரிது. அதனால்தான் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பயணிக்கும் நாரைக் கூட்டங்கள் மத்தியதரைக் கடலைத் தவிர்த்து, இஸ்தான்புல் வழியாகவும் ஜிப்ரால்டர் நீரிணை வழியாகவும் சுற்றிப் போகின்றன.

பெரிய பறவைகள் தலைக்கு மேல் வட்டமிட்டால் கேடு வரும் என்று அஞ்சுவோர் இன்றும் உண்டு. அவை தேடுவது சூடான காற்றை மட்டுமே. குழந்தைகளை உள்ளே இழுக்காமல் மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள். பறவைகளுக்கு ஜிபிஎஸ் கருவி பூட்டி ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளுக்கான நிதியை இடையில் நிறுத்தாமல் இருப்பதும் அவசியம் என்பேன். பாதியில் நின்ற பதிவிலிருந்து முழுப் பயணம் தெரியாது.

பத்து மணிக்குப் பிறகு அண்ணாந்து பாருங்கள். தூணின் உச்சியை எட்டியதும் வட்டம் கலையும். ஒன்றன்பின் ஒன்றாக, சிறகை அசைக்காமல், வடக்கே சறுக்கத் தொடங்கும்.