கை உதறினால் தாளும் உதறும்

போன மார்கழியில், மழை விட்ட ஒரு காலை. தீவுப் பக்கத்து ஐயா ஒருவர், குறிகட்டுவானில் படகால் இறங்கி பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் என்னிடம் வந்திருந்தார். கையில் வேறோர் இடத்தில் எடுத்த ஈ.சி.ஜி. தாள். இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 300 தடவை துடிக்கின்றன, ஏட்ரியல் புளட்டர் என்று அதில் எழுதியிருந்தது. இரத்தம் உறையாமலிருக்கக் குளிசையும் தொடங்கியிருந்தார்கள்.

நாடியைப் பிடித்தேன். 74, சீராக இருந்தது. அது மட்டும் போதாது. மேலறையின் நான்கு துடிப்பில் ஒன்றே கீழே இறங்கினால் புளட்டரிலும் நாடி சீராகத்தான் இருக்கும். வயரைப் பூட்டப் போனபோதுதான் வலக்கையைக் கவனித்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் விபூதியைத் தேய்ப்பதுபோல ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

"ஐயா, கை எப்பவும் இப்பிடியோ?"

"சும்மா வைச்சிருந்தாத்தான் பிள்ளை. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினா நிண்டிடும்."

பார்க்கின்சன் என்ற மூளை நரம்பு நோயின் நடுக்கம் அப்படித்தான் இருக்கும். அதன் வேகம் நொடிக்கு 4 முதல் 6 உதறல். ஈ.சி.ஜி. தாள் நொடிக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். பெரிய கட்டம் ஒன்று 5 மில்லிமீற்றர். நொடிக்கு 5 உதறல் என்றால் கட்டத்துக்கு ஓர் அலை, நிமிடத்துக்கு 300. புளட்டரும் ஏறக்குறைய அதே வேகம். தசையிலிருந்து வரும் மின்சாரம் எது, இதயத்திலிருந்து வருவது எது என்று மெசினுக்குத் தெரியாது. வேண்டாத அலைகளை வடிகட்டும் பில்டரைப் போட்டாலும் இந்த நடுக்கம் போகாது. இதயத்தின் சொந்த அலைகளும் அந்த வேகத்தில் இருப்பதால் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஆனால் பழைய தாளிலேயே குட்டு இருந்தது. தாளில் ஒவ்வொரு வரியும் ஒரு லீட், உடம்பின் இரு இடங்களுக்கு இடையில் பார்ப்பது. மூன்றாம் லீட் இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையில் எடுப்பது. வலக்கைக்கு அதில் பங்கில்லை. அந்த ஒரு வரி மட்டும் துப்புரவாக இருந்தது. மேலறை உண்மையிலேயே 300 துடித்தால் அங்கேயும் தெரிய வேண்டுமே!

ஃபானை நிறுத்தினேன். போர்வை போர்த்தி, கைகளைப் பிட்டத்துக்கு அடியில் வைக்கச் சொன்னேன். மணிக்கட்டில் பூட்டுவதைத் தோளுக்கு மாற்றினேன். (அப்படி மாற்றினால் தாளில் எழுதிவிட வேண்டும், அலைகளின் வடிவம் சற்று மாறும்.) இரண்டாவது தாளில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் அழகான சின்ன அலை, சாதாரண இதயம்.

குலைப்பன் காய்ச்சல் நடுக்கம், குளிர், பயம் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். விடுதியில் மொனிட்டர் பூட்டியவர் பல் தீட்டினாலே ஆபத்தான படபடப்பு மாதிரி ஓடும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் வாயில் நுரையோடு முழிப்பார்.

நடுக்கத்தை வெட்கப்பட்டு மறைப்பவர்கள் பலர். கையை இறுகப் பொத்துவார்கள். தசை இறுகினால் தாள் இன்னும் மோசமாகும். எடுக்கிறவரிடம் முதலே சொல்லுங்கள், 'வலக்கை நடுக்கம்' என்று தாளிலும் எழுதச் சொல்லுங்கள். அதற்காக வீட்டில் இருந்துகொண்டு குளிசையை நிறுத்திவிடாதீர்கள். நடுக்கமும் உண்மையான இதயக் கோளாறும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

ஐயாவின் இரண்டு தாள்களையும் டொக்டரிடம் அனுப்பினேன். அவர்தான் குளிசையை நிறுத்தினார். கை நடுக்கத்துக்கு அதுவரை ஒருவரும் பெயர் சொல்லியிருக்கவில்லையாம். இதயக் கிளினிக்குக்கு வந்தவர், நரம்பியல் கிளினிக்குக்கு டொக்டர் எழுதிய துண்டோடு போனார்.