சைலேஜ் மானியம்: இயந்திரத்துக்குக் கிடைக்கும், கல்ச்சருக்குக் கிடைக்காது

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த பசுந்தீவனம்) அலகு அமைக்க, மூலதனச் செலவில் 50 சதவீதம் மானியம் உண்டு. உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். 2014-15இல் தொடங்கிய இயக்கம் இது. 2021-22இல் தொழில்முனைவோரை மையமாக வைத்து மாற்றி அமைத்தார்கள். தனிநபர், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுப் பொறுப்புக் குழு யாரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் உத்யமிமித்ரா இணையதளத்தில் மட்டும்தான். அது இப்போது விண்ணப்பம் வாங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

'ஐம்பது லட்சம் மானியம்' என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியைப் படித்துவிட்டு என்னிடம் வருகிறவர்களே அதிகம். ஐம்பது லட்சம் வேண்டுமானால் உங்கள் மூலதனச் செலவு ஒரு கோடி இருக்க வேண்டும். இருபது லட்சத்தில் அலகு போட்டால் பத்து லட்சம்தான். அந்தப் பத்து லட்சமும் உங்கள் கைக்கு வராது. சிட்பி என்ற இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியாக, உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு இரண்டு தவணையாகப் போகும். வங்கி தன் பங்குக் கடனை முதலில் விடுவிக்க வேண்டும், அதன் பிறகுதான் முதல் தவணை. வேலை முழுக்க முடிந்து, திட்டத்தை நடத்தும் மாநில முகமை நேரில் பார்த்துச் சான்று கொடுத்த பிறகுதான் இரண்டாவது. வங்கிப் பணத்துக்கு வட்டி அது வந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். மானியம் வந்துசேர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களுக்கான வட்டியைத் தனியாக எடுத்து வைக்காமல் இறங்காதீர்கள்.

அடுத்தது, பலரும் விழுகிற குழி. மானியம் எதற்குக் கிடையாது என்ற பட்டியல் சின்னதுதான்: நிலம் வாங்க, வாடகைக்கு, சொந்த உபயோக வாகனத்துக்கு, அலுவலகம் அமைக்க, நடைமுறை மூலதனத்துக்கு. கடைசியில் வரும் அந்த ஒரு சொல்லை யாரும் நின்று படிப்பதில்லை. சைலேஜ் தொழிலில் நடைமுறை மூலதனம் என்றால் புல் வாங்கும் பணம், அறுவடைக் கூலி, டீசல், மூடும் பிளாஸ்டிக், மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு), புல்லைப் புளிக்க வைக்கச் சேர்க்கும் பாக்டீரியா கல்ச்சர். அதாவது இயந்திரம் வாங்க அரசு பாதி தரும். அந்த இயந்திரத்தில் போகும் புல்லைக் கெடாமல் காப்பதற்கு ஒரு ரூபாய்கூடத் தராது.

இது எப்படி ஒரு குடும்பத்தைச் சாய்க்கும் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தம்பதி இருவரும் உழைப்பாளிகள். திட்ட அறிக்கையை ஒரு இடைத்தரகர் எழுதிக் கொடுத்தார். அது மக்காச்சோள சைலேஜுக்காக யாரோ முன்பு எழுதிய அறிக்கை. பயிரின் பெயரை மட்டும் கம்பு நேப்பியர் என்று மாற்றியிருந்தார். கல்ச்சர், மொலாசஸ் இரண்டுக்கும் அதில் இடமே இல்லை. வங்கியும் கேட்கவில்லை, ஆய்வுக்கு வந்தவரும் கேட்கவில்லை. இயந்திரம் வந்தது. காலையில் வெட்டிய ஈரப்புல்லை அன்றே நறுக்கிக் கட்டிவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தபோது அடித்த நாற்றத்தில் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. வாங்கியவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். கடன் தவணை மட்டும் நிற்கவில்லை.

மக்காச்சோளத்தைப் பால் பிடித்த பருவம் தாண்டி வெட்டினால் அதில் சர்க்கரையும் மாவும் போதிய அளவு இருக்கும். பெரும்பாலும் தானாகவே புளித்து நின்றுவிடும். கோ-4, கோ-5 கம்பு நேப்பியர், கினியாப்புல் போன்ற வெப்பமண்டலப் புற்கள் அப்படி இல்லை. தண்டு தடிமன், கரையும் சர்க்கரை குறைவு, ஈரம் அதிகம். இளம் நேப்பியரில் நூறு கிலோவுக்கு எண்பது கிலோ வரை தண்ணீர்தான். இலையோடு இயற்கையாக வரும் லேக்டிக் அமில பாக்டீரியாவும் சொற்பம். புளிப்பு வேகமாக ஏறாவிட்டால் கெடுக்கும் கிருமிகள் முந்திக்கொள்ளும், புரதம் அம்மோனியாவாக உடையும், பியூட்டிரிக் அமில நாற்றம் கிளம்பும். அந்தத் தம்பதி வீட்டில் அடித்த நாற்றம் அதுதான்.

வெளியிலிருந்து பாக்டீரியா சேர்ப்பது இதற்காகத்தான். காரத்தன்மை-அமிலத்தன்மை அளவு (pH) 4.2 அல்லது அதற்குக் கீழே சீக்கிரம் இறங்க வேண்டும். லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் அந்த வேகத்தைத் தரும். லாக்டோபேசில்லஸ் புக்னெரி அசிட்டிக் அமிலத்தையும் உண்டாக்குவதால், பிரித்த பின் காற்றுப் பட்டுச் சூடேறிப் பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும். கட்டு போட்டு விற்கிறவர்களுக்கு இது முக்கியம். வாங்கியவர் ஒரு கட்டை ஒரே நாளில் தீர்க்க மாட்டார். ஆனால் புக்னெரி மெதுவாக வேலை செய்வது. 45 முதல் 60 நாள் மூடியிருந்தால்தான் பலன் தெரியும், இருபதாம் நாளே பிரிப்பவருக்கு அந்தச் செலவு வீண். 2020இல் இவற்றின் அறிவியல் பெயர்களை மாற்றினார்கள். பொட்டலத்தில் லாக்டிபிளாண்டிபேசில்லஸ், லென்டிலாக்டோபேசில்லஸ் என்று இருந்தாலும் அதே கிருமிகள்தான். பெயரைக் காட்டி 'புதிய ரகம்' என்று கூடுதல் விலை சொன்னால் ஏமாறாதீர்கள்.

வாங்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள், எடையைப் பார்க்க வேண்டாம். வழக்கமான அளவு ஒரு கிராம் பச்சைப்புல்லுக்கு ஒரு லட்சம் உயிருள்ள பாக்டீரியா. ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் கோடி. பொட்டலத்தில் ஒரு கிராமுக்கு 10-இன் அடுக்கு 11 (அதாவது பத்தாயிரம் கோடி) என்று அச்சிட்டிருந்தால் ஒரு கிராமே ஒரு டன்னுக்குப் போதும். 10-இன் அடுக்கு 8 (பத்துக் கோடி) என்றிருந்தால் நூறு கிராம் பொட்டலம் முழுவதும் வெறும் நூறு கிலோ புல்லுக்குத்தான் காணும். விற்பவர் 'இது பத்து டன்னுக்கு வரும்' என்பார். அவர் சொல்வதை விட்டுவிட்டுப் பெருக்கிப் பாருங்கள். கிருமியின் பெயர், எண்ணிக்கை, காலாவதி நாள், எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்ற நான்கும் இல்லாத பொட்டலத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். மோர் ஊற்றினால் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. மோரில் எந்தக் கிருமி, எத்தனை கோடி என்பது யாருக்கும் தெரியாது. விற்கப்போகும் சரக்கை அதை நம்பி மூட முடியாது.

நல்ல கல்ச்சரை வாங்கிக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைத்தால் தெளிக்கும் முன்பே செத்துவிடும். கிணற்றுத் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். குவியலின் மேல் மட்டும் ஊற்றாமல், நறுக்கிய புல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக விழும்போதே சீராகத் தெளியுங்கள். நேப்பியரை முதலில் வாட விடுங்கள். உலர் பொருள் (தண்ணீர் போக மிஞ்சுவது) முப்பது சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். பாக்டீரியா இருந்தாலும் அதற்குத் தின்னச் சர்க்கரை வேண்டும், ஆகையால் புல்லின் எடையில் இரண்டு முதல் நான்கு சதவீதம் மொலாசஸ். இறுக்கி மிதித்துக் காற்றை வெளியேற்றுவதில் சோம்பினால் எந்தக் கல்ச்சரும் காப்பாற்றாது.

இதையெல்லாம் ஏன் மானியக் கட்டுரையில் சொல்கிறேன் என்றால், திட்ட அறிக்கையில் இந்தச் செலவு எழுதப்பட்டிருந்தால்தான் வங்கியிடம் அதற்கெனத் தனிக் கடன் கேட்க முடியும். மூலதனக் கடன் ஒரு தலைப்பு, நடைமுறை மூலதனக் கடன் இன்னொரு தலைப்பு. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அறிக்கையில் கேளுங்கள். அலகு போட்ட பிறகு போய் நின்றால், 'முதல் கடன் ஒழுங்காக ஓடட்டும், பார்க்கலாம்' என்பதுதான் பதிலாக வரும். அறிக்கையை யார் எழுதினாலும், பயிர் எது, டன்னுக்கு எவ்வளவு மொலாசஸ், எவ்வளவு கல்ச்சர், எத்தனை நாள் மூடல் என்பதை நீங்கள் வரி வரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

இனி அலுவலக நடை. நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ இருக்கலாம் என்கிறது விதி. சொந்தம் என்று நினைத்துப் போனவரின் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். இதைச் சரிசெய்யாமல் விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடப்பீர்கள். குத்தகை என்றால், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது பதிவுச் சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியது போதும் என்று பத்திர எழுத்தர் சொன்னாலும் ஏற்காதீர்கள். குத்தகைக் காலம் கடன் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் வங்கி அங்கேயே கோப்பை மூடிவிடும்.

பயிற்சிச் சான்று அல்லது அனுபவத்துக்கான ஆதாரம் கேட்பார்கள். இதற்காகத் தனியார் யாருக்கும் ஆயிரக்கணக்கில் கட்டத் தேவையில்லை. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையங்களிலும் வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கேளுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே சான்றை வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பம் போகும் பாதை இது: மாநில முகமை சரிபார்க்கும், வங்கி கடன் ஒப்புதல் தரும், மாநிலக் குழு பரிந்துரைக்கும், மத்திய துறை அனுமதிக்கும். இதில் ஆட்கள் நொந்துபோவது வங்கிப் படியில்தான். மேலாளர் 'மேலிடத்தில் இருந்து வரட்டும்' என்பார், கால்நடைத் துறையில் 'வங்கி ஒப்புதல் கொண்டு வாருங்கள்' என்பார்கள். மாநிலக் குழுவுக்கும் மத்திய துறைக்கும் முன்னால் வங்கி ஒப்புதல்தான் வர வேண்டும். அதை மேலாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கடன் விண்ணப்பத்துக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கும் நெறி. 'முடியாதுங்க' என்ற வாய்ச்சொல்லோடு திரும்புகிறவருக்கு அடுத்த கதவு எதுவும் இல்லை. எழுத்தில் இருந்தால் வட்டார அலுவலகத்துக்குப் போகலாம், இன்னொரு வங்கியில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டு போகலாம். கோப்பு அரசு அலுவலகத்தில் அசையாமல் கிடந்தால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: என் விண்ணப்பம் இப்போது யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து. 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே கோப்பு நகர்ந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இயந்திர விற்பனையாளர் 'முதலில் எடுத்துக்கோங்க, மானியம் பின்னாடி வரும்' என்றால் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள். அனுமதி வந்த பிறகு, வங்கிக் கணக்கு வழியாக, முறையான ரசீதோடு மட்டும் வாங்குங்கள். மானியத்தில் பத்து சதவீதம் கமிஷன் கேட்கிறவர் உங்களுக்கு எதையும் வாங்கித் தர முடியாது. அனுமதி கொடுக்கும் இடத்தில் அவருக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவர்கள் இந்த மானியத்தின் பின்னால் அலைய வேண்டாம். இது விற்பனை அலகுக்கானது. உங்களுக்குப் பொருந்துவது கால்நடைக்கான கிசான் கடன் அட்டை. 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது. இது நடைமுறைச் செலவுக்கான கடன் என்பதால் கல்ச்சரும் மொலாசஸும் மூடுதாளும் இதில் வாங்கலாம். கோடைக்கு முன் இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய் நிறைய நேப்பியர் மூடிப் பாருங்கள். அலகு போட நினைப்பவர்களும் முதலில் இதைச் செய்யலாம். எத்தனை நாள் வாட விட்டீர்கள், எவ்வளவு தெளித்தீர்கள், பிரித்தபோது வாசனை எப்படி என்று தேதியோடு எழுதி வையுங்கள். வங்கி மேலாளர் 'அனுபவம் இருக்கா?' என்று கேட்கும்போது அந்த நோட்டை மேசையில் வைக்கலாம்.