ஐ.ஈ. எழுதுவதற்கு முன்: ஆங்கிலக் கடிதங்களில் இலத்தீன்

ஆங்கில வாடகை உடன்படிக்கை ஒன்றில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: "குடியிருப்பவர் சேவைக் கட்டணங்களை, ஐ.ஈ. மின்சாரம், தண்ணீர், மாதந்தோறும் செலுத்த வேண்டும்." வீட்டுக்காரர் பிறகு இன்ரநெற் கட்டணத்தையும் கேட்கிறார். அந்த வரியின்படி குடியிருப்பவர் அதைக் கட்டத் தேவையில்லை. ஐ.ஈ.க்குப் பதிலாக ஈ.ஜி. என்று எழுதியிருந்தால், இன்ரநெற்றும் சேவைக் கட்டணம்தானே என்று வீட்டுக்காரர் வாதிடலாம். இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் கையொப்பம் வைத்த பிறகு அது பணத்தைத் தொடுகிறது.

ஐ.ஈ. என்பது 'இட் எஸ்ட்' என்ற இலத்தீன் தொடரின் சுருக்கம், பொருள் 'அதாவது'. முன்னால் சொன்னதையே வேறு சொற்களில் முழுமையாகச் சொல்லும்போது மட்டும் அது வரும். அதற்குப் பின்னால் வரும் பட்டியல் அத்தோடு முடிந்துவிடுகிறது. ஈ.ஜி. என்பது 'எக்செம்ப்ளி கிராஷியா', பொருள் 'உதாரணமாக'. அந்தப் பட்டியல் முடிவதில்லை. ஆகவே ஆங்கில வசனத்தை எழுதியதும் அந்த இடத்தில் தமிழில் 'அதாவது' போட்டுப் பாருங்கள், பிறகு 'உதாரணமாக' போட்டுப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் விடை உடனே தெரிந்துவிடும்.

உடனே தெரியாத இடங்களும் உண்டு. அதற்குக் காரணம் எங்கள் பேச்சு வழக்கு. "பழங்கள், அதாவது மாம்பழம், பலாப்பழம் மாதிரி" என்று உதாரணம் சொல்லும்போதும் நாங்கள் 'அதாவது' என்றே தொடங்குகிறோம். அந்தப் பழக்கம் அப்படியே ஆங்கிலத்துக்குள் போய், ஈ.ஜி. வரவேண்டிய இடத்தில் ஐ.ஈ. வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பிழை குறையும். சும்மா பாடமாக்கினால் பரீட்சை மண்டபத்தில் மீண்டும் மாறிவிடும்.

ஈ.ஜி. போட்டுத் தொடங்கிய பட்டியலின் முடிவில் 'எற் செற்றரா' (முதலியன) வேண்டாம். உதாரணம் என்று சொன்னபோதே இன்னும் உண்டு என்பது விளங்கிவிட்டது. 'அன்ட்' போட்டு அதன் பின்னால் எற் செற்றரா எழுதுவதும் பிழை. 'எற்' என்றாலே 'உம்' என்ற பொருள்தான். பேச்சில் பலர் எற் செற்றராவை 'எக்ஸெற்றா' என்று உச்சரிப்பதால், சுருக்கத்தை எழுதும்போது ரி, சி இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. சரியான வரிசை ஈ, ரி, சி. கடைசியில் ஒரு புள்ளி. பொருள்களின் பட்டியலுக்கே அது பொருந்தும். ஆட்களைச் சொல்லி நிறுத்தும்போது 'எற் அல்.' (மற்றவர்களும்) வரும். அதில் 'எற்' முழுச்சொல், அதற்குப் புள்ளி கிடையாது, 'அல்.' சுருக்கம், அதற்கு மட்டும் புள்ளி. ஆய்வேடுகளில் இரண்டுக்கும் புள்ளி வைப்பது எங்கும் காணப்படுகிறது. மேற்பார்வையாளர் கவனிக்காமல் விட்டாலும் சஞ்சிகை ஆசிரியர் கவனிப்பார்.

சுயவிபரக் கோவையில் அடிக்கடி வரும் பிழை 'அலம்னை'. "நான் இந்தக் கல்லூரியின் ஒரு அலம்னை" என்று எழுதுகிறார்கள். அது 'பழைய மாணவர்கள்' என்ற பன்மை. ஒரு ஆண் 'அலம்னஸ்', ஒரு பெண் 'அலம்னா'. ஆண்களோ இருபாலாரும் சேர்ந்தோ என்றால் 'அலம்னை'. பெண்கள் மட்டும் என்றால் எழுத்தில் ஏ, ஈ என்று முடியும். ஆங்கில வழக்கில் அதன் உச்சரிப்பு 'அலம்னீ'. வேம்படி, உடுவில், சுண்டுக்குளி என்று மகளிர் கல்லூரிகள் நிறைந்த யாழ்ப்பாணத்தில் இந்தக் கடைசி வடிவம் அதிகம் பயன்பட வேண்டும். ஆனால் கண்ணிலேயே படுவதில்லை. சந்தேகம் இருந்தால் 'ஓல்ட் கேர்ள்', 'ஓல்ட் போய்' என்றே எழுதுங்கள். அது இங்கே நீண்டகாலமாக ஊறிய, முழுக்கச் சரியான ஆங்கிலம்.

சங்கக் கூட்டறிக்கைகளுக்கு வருவோம். 'எக்ஸ் ஒஃபிசியோ' என்றால் 'பதவிவழி'. அதிபராக இருப்பதாலேயே ஒருவர் சங்கத்தின் தலைவராகவோ காப்பாளராகவோ ஆவது அப்படித்தான். 'எக்ஸ்' என்பதைக் கண்டதும் 'முன்னாள்' என்று மொழிபெயர்த்தால், பதவியில் இருக்கும் அதிபரை ஓய்வுபெற வைத்துவிடுகிறோம். பதவிவழி உறுப்பினருக்கு வாக்குரிமை இல்லை என்ற எண்ணமும் பரவலாக உண்டு. அந்தச் சொல்லுக்குள் அப்படி எந்தத் தடையும் இல்லை. சங்க யாப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

'ஏகமனதாக' என்று எழுதுவதற்கு முன்னும் ஒரு கணம் நில்லுங்கள். 40 பேர் இருந்த கூட்டத்தில் 31 பேர் ஆதரவாகக் கை உயர்த்தினார்கள், எதிராக ஒருவரும் இல்லை, 9 பேர் பேசாமல் இருந்தார்கள். பிரித்தானிய வழிவந்த கூட்ட நடைமுறையில் இதற்கு 'நெம். கொன்.' என்று பெயர்; 'நெமினே கொன்றாடிசென்ரே', எதிர்ப்பார் எவருமின்றி. அந்த 9 பேரையும் ஆதரவாளராக்கி 'யுனானிமஸ்' என்று பதிந்தால், நாளை ஒருவர் எழுந்து நான் சம்மதிக்கவில்லையே என்று கேட்கும்போது செயலாளரிடம் பதில் இராது. அடுத்த கூட்டத்துக்குத் திகதி குறித்துவிட்டு 'சைனி டையி' ஒத்திவைப்பு என்று எழுதுவதும் முரண். அதன் பொருளே திகதி குறிக்காமல் என்பதுதான்.

நீதிமன்றத் தாள்களில் இலத்தீன் இவ்வளவு இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த உரோம டச்சுச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச்சட்டம். பிரித்தானியர் தங்கள் சட்ட இலத்தீனையும் அதன்மேல் சேர்த்தார்கள். 'எக்ஸ் பார்ட்டே' (ஒருதலைப்பட்சமாக), 'டிகிரி நைசை' (நிபந்தனையுடைய தீர்ப்பாணை) போன்றவற்றை வேறு சொல்லால் மாற்ற முயலாதீர்கள். அவற்றுக்குச் சட்டத்தில் வரையறுத்த பொருள் இருக்கிறது. 'இன் கமெரா' விசாரணையில் படப்பிடிப்பு எதுவும் இல்லை. கதவை மூடி, பொதுமக்களை வெளியே விட்டு நடத்தும் விசாரணை அது. வழக்கின் பெயரில் 'வெர்சஸ்' என்பதற்கு 'வி' என்ற ஒற்றை எழுத்து மட்டும். வடக்கின் பெரும் போர் கிரிக்கெட் அறிவித்தலில் 'வி.எஸ்.' போடலாம்.

சாதாரணக் கடிதத்தில் நிலைமை வேறு. அங்கே இலத்தீன் எழுதியாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. பிரித்தானிய அரசின் இணையத்தள நடைக்கையேடு 2016 இல் ஐ.ஈ., ஈ.ஜி., எற் செற்றரா மூன்றையும் கைவிடச் சொன்னது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தடுமாறுகிறார்கள், பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருள்களில் சில அவற்றைப் பிழையாக வாசிக்கின்றன என்பவை காரணங்கள். 'ஃபோர் எக்ஸாம்பிள்', 'தற் இஸ்' என்று விரித்து எழுதுவது அறியாமைக்கு அடையாளம் என்று நினைத்துப் பிள்ளைகளைத் திருத்தாதீர்கள்.

கலியாண அழைப்பிதழ் அச்சடிப்பவர்களுக்கும் ஒன்று. ஏ.எம்., பி.எம். இரண்டிலும் உள்ள 'எம்' நண்பகலைக் குறிக்கிறது. முன்னது நண்பகலுக்கு முன், பின்னது நண்பகலுக்குப் பின். ஆகவே முகூர்த்தம் 11.38 ஏ.எம். முதல் 12.52 பி.எம். வரை என்பது சரி. பக்கத்தில் 'இன் த மோர்னிங்' தேவையில்லை. சரியாகப் பன்னிரண்டு மணி என்றால் மட்டும் இரண்டையும் விட்டுவிட்டு '12 நூன்' என்று அச்சிடுங்கள்.