கடலோரத்துல தாலி கட்டணுமா? முகூர்த்தத்தோட சேர்த்து இடியையும் தண்ணியையும் பாருங்க

கொரோனாவுக்கு அப்புறம் மலேசியாவோட பினாங்குல எங்க கல்யாண ஏற்பாட்டு வேலையில நல்லாவே தெரியற மாற்றம் இது, ஆயிரம் பேர் மண்டபம் வேணாம், 40 பேர் போதும், கடல் ஓரமா காலையில தாலி கட்டிட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுப் போகணும்னு கேட்டு வர்ற பிள்ளைங்க நிறைய ஆயிட்டாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச கல்யாணமே இந்த மாதிரிதான். பாட்டி தாத்தா பேரப்பிள்ளை முகத்தை கிட்டத்துல உக்காந்து பாக்கலாம், ஐயர் சொல்றது எல்லாருக்கும் கேக்கும், கடனும் இல்ல.

ஆனா ஆளு கம்மினா வேலையும் கம்மின்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு. மண்டபத்துல கூரை இருக்கு, கரண்ட் இருக்கு, டாய்லெட் இருக்கு, மழை பேஞ்சா யாருக்கும் தெரியக்கூட தெரியாது. கடலோரத்துல இது எல்லாத்தையும் நாமளே யோசிக்கணும். அதனால நான் முதல் மீட்டிங்லயே கேக்கறது பட்ஜெட் இல்ல, "எந்த மாசம், எத்தனை மணிக்கு முகூர்த்தம், பக்கத்துல ஓடி ஒதுங்க செங்கல் கட்டடம் இருக்கா", இந்த மூணுதான்.

மாசத்தை முதல்ல பாப்போம். தை, மாசி கல்யாணம்னா நீங்க கொடுத்து வச்சவங்க, ஜனவரி பிப்ரவரிதான் பினாங்குல மழை ரொம்ப கம்மியான மாசங்க, வெயில்தான் கொளுத்தும். சித்திரையில பருவக்காத்து மாறும், மதியத்துக்கு மேல இடி மழை பிடிச்சுக்கும், அப்போ சாயங்கால விழா வச்சா ரிஸ்க், காலையில வச்சா பெரும்பாலும் தப்பிச்சுக்கலாம். வைகாசி, ஆனி வந்தா கதை தலைகீழ். தென்மேற்குப் பருவக்காத்து நேரத்துல சுமத்ரா பக்கம் ராத்திரியில உருவாகற இடி மழை வரிசையா மலாக்கா நீரிணையைத் தாண்டி வந்து விடியக்காலம் நம்ம கரையை அடிக்கும், வானிலைக்காரங்க அதை சுமத்ரா ஸ்குவால்னு சொல்லுவாங்க, திடீர்னு பெருங்காத்து, கொட்டற மழை, சில நேரம் ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல எதுவுமே நடக்காத மாதிரி வெளுத்துரும். நம்ம ஆளுங்க முகூர்த்தம் வைக்கறதே ஆறுலேருந்து ஒன்பது மணிக்குள்ளதானே! சரியா அந்த நேரத்துலதான் அது வரும்.

ஒரு ஆனி மாசக் கல்யாணத்துல அலங்கார டீம் முதல் நாள் ராத்திரியே மணவறை, பூ, கெனப்பி (கால் நட்டுப் போடற கூடாரம்) எல்லாத்தையும் கட்டி முடிச்சுட்டு போயிட்டாங்க, விடியறதுக்குள்ள காத்து அடிச்சு கெனப்பி கால் வளைஞ்சு மணவறை மேலயே சாஞ்சு கிடந்துச்சு. ஆள் இல்லாத நேரம் நடந்ததால யாருக்கும் அடி இல்ல. அந்த மாசங்கள்ல கடலோரத்துல ராத்திரி எதையும் கட்டி விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு நான் கண்டிப்பா சொல்றதுக்கு காரணம் இதுதான். காலையில நாலு மணிக்கு ஆள் வரட்டும், கெனப்பியோட ஒவ்வொரு காலுக்கும் தண்ணி நிரப்பின பீப்பாயோ மணல் மூட்டையோ கட்டட்டும், மணல்ல அடிக்கற ஆணி நிக்காது.

ஐப்பசி பத்தி நீட்டி முழக்க வேணாம், வருஷத்துலயே அதிகமா மழை பெய்யற நேரம் அதுதான். 2017 நவம்பர் 4 ராத்திரி வெள்ளத்தை பினாங்குக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க, அதுவும் ஐப்பசிதான். அந்த மாசம் கடலோரம் கேட்டா நான் உள்ளரங்கத்துல வைங்க, போட்டோவுக்கு மட்டும் வெளிய வாங்கன்னுதான் சொல்லுவேன்.

இப்ப இடி. மழையில நனைஞ்சா புடவை காஞ்சுரும், மின்னல் அப்படி இல்ல. மின்னல் வெட்டினதும் எண்ண ஆரம்பிங்க, 30 செகண்டுக்குள்ள இடி கேட்டா அது கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், உடனே எல்லாரும் உள்ள போகணும், கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகறவரைக்கும் வெளிய வரக் கூடாது. உள்ளன்னா கட்டடத்துக்குள்ள, இல்லேன்னா கண்ணாடி ஏத்தின கார், பஸ்ஸுக்குள்ள. கெனப்பி, பந்தல், குடை, கரையில நிக்கற மரம் இது எதுவுமே பாதுகாப்பு இல்ல, இரும்புக் கால் கெனப்பிக்கு கீழ 40 பேர் ஒண்ணா ஒதுங்கி நிக்கறதுதான் இருக்கறதுலயே மோசம். மழை விட்டுரும் விட்டுரும்னு சொல்லியே நிக்கற மாமாங்க எல்லாக் கல்யாணத்துலயும் இருப்பாங்க, அவங்களை எழுப்பி உள்ள கூட்டிட்டுப் போக மரியாதையான, ஆனா உறுதியா பேசற ஒரு ஆள் வேணும். அது யாருன்னு முன்கூட்டியே முடிவு பண்ணிருங்க, மாப்பிள்ளையோட அண்ணன், பொண்ணோட சித்தப்பா, யாரோ ஒருத்தர், ஆனா ஒரே ஒருத்தர். முகூர்த்தம் தவறிருமேன்னு பெரியவங்க தவிப்பாங்க, ஐயர்கிட்ட முதல்லயே பேசி வச்சுட்டா அந்தத் தவிப்பு இருக்காது. நேரத்துக்குத்தான் முகூர்த்தம், இடம் 20 அடி தள்ளிப் போனா குறை இல்லன்னு நான் கேட்ட குருக்கள் எல்லாருமே சொல்லியிருக்காங்க.

தண்ணி விஷயம் பலருக்கு நினைப்புலயே வராது. இங்க கடல் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை வடியும், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும், அதனால போன வாரம் காலை எட்டு மணிக்கு போய்ப் பாத்த கரை கல்யாணத்தன்னைக்கு எட்டு மணிக்கு அதே மாதிரி இருக்காது. நாம வளர்பிறை பாத்து நாள் குறிக்கறோம், பௌர்ணமிக்கு கிட்ட போகப் போக ஏத்தமும் அதிகம் வடியறதும் அதிகம், ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மீட்டர் வாக்குல வித்தியாசம் வரும், சரிவு கம்மியான மணல்ல அது எவ்வளவோ அடி தூரம். தெலுக் பஹாங்ல மாசி மகத்துக்குப் போனவங்க பௌர்ணமித் தண்ணி எப்படி இருக்கும்னு பாத்திருப்பீங்க. வடிஞ்சுட்டா வேற பிரச்சனை, சில கரையில சேறு வெளிய தெரியும், வாடை வரும், போட்டோல கடலே இருக்காது. கடற்படையோட தேசிய நீரியல் மையம் வருஷா வருஷம் டைட் டேபிள் (கடல் ஏறி வடியற நேர அட்டவணை) போடறாங்க, ரெண்டு மூணு தேதி கையில இருந்தா அதையும் பஞ்சாங்கத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, ஒரு தேதி தானா மேல வந்துரும்.

இடம் பத்தி ஒண்ணு. ஜார்ஜ்டவுன்ல கடல் மேல கட்டியிருக்கற செவ் ஜெட்டி குடியிருப்புல சூரிய அஸ்தமனத்துல மாலை மாத்தணும்னு கேக்கறாங்க, அந்தப் பக்கம் கிழக்கு, எதிர்க்கரை பட்டர்வொர்த்தைப் பாத்து இருக்கு, உங்களுக்குக் கிடைக்கறது சூரிய உதயம், ஏழு மணி வாக்குல. முகூர்த்தத்துக்கு அதுவே ரொம்ப அழகுதான். ஆனா அது மனுஷங்க குடியிருக்கற மர வீடுங்க, அங்க வாழறவங்க அனுமதி இல்லாம கேமராவோட போய் நிக்காதீங்க, மரப்பலகை மேல ஹோமம் வளர்க்கறதை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. எஸ்பிளனேடு, பூங்கா மாதிரி பொது இடம்னா மாநகர் மன்றம் எம்பிபிபி கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. ட்ரோன் விடணும்னா சிவில் விமான ஆணையத்தோட விதி என்னன்னு கேமராமேன்கிட்ட முன்னாடியே கேளுங்க, ஒரு பக்கம் பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட், எதிர்க்கரையில விமானப்படைத் தளம், சும்மா பறக்க விடற ஊர் இல்ல இது.

மணல்ல ஹோமம் வைக்கலாம், ஆனா சீக்கிரம் முடிங்க. விடியக்காலம் காத்து பெரும்பாலும் நிலத்துலேருந்து மெதுவாத்தான் வீசும், பத்து மணிக்கு மேல கடல் காத்து ஏற ஆரம்பிக்கும், அப்போ நெருப்பு எந்தப் பக்கம் சாயும்னு சொல்ல முடியாது, பொண்ணோட முந்தானை பக்கத்துலயே இருக்கு. மூணு பக்கமும் தகரத் தடுப்பு, ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணி, ஒரு ஃபயர் எக்ஸ்டிங்விஷர் கட்டாயம். குத்துவிளக்குக்கு கண்ணாடிக் கூடு.

பெரியவங்களைப் பத்தி சொல்லாம விட முடியாது. சர்க்கரைக்கு ஊசி, மாத்திரை எடுத்துக்கறவங்க தாலி கட்டறவரைக்கும் சாப்பிட மாட்டேன்னு உக்காந்திருப்பாங்க, அந்த வெயில்ல சர்க்கரை இறங்கினா மயக்கம்தான், அவங்க விரதம் இருக்கலாமா, மருந்தை எப்படி மாத்தணும்னு டாக்டர்கிட்ட முதல்லயே கேளுங்க. வீல்சேர் மணல்ல ஓடாது, கார் நிக்கற இடத்துலேருந்து மணவறை வரைக்கும் பிளைவுட் போடுங்க. டாய்லெட் எத்தனை அடி தூரம்னு பாட்டி நடக்கற வேகத்துல நீங்களே நடந்து பாருங்க. சாப்பாடு சமைச்சு நாலு மணி நேரத்துக்குள்ள பந்தி முடியணும், தேங்காய்ப்பால் போட்டது, தயிர் எல்லாம் ஐஸ் பெட்டியிலேருந்து கடைசியாத்தான் வெளிய வரணும்.

சட்டத்தைச் சுருக்கமா சொல்லிர்றேன், கடலோரத்துல தாலி கட்டிட்டா மட்டும் போதாது, மலேசியாவோட 1976 திருமணச் சட்டப்படி நம்ம கல்யாணம் பதிவாகணும், அது 1982 மார்ச் 1லேருந்து அமல்ல இருக்கு. சாதாரணமா 21 நாள் நோட்டீஸ் வேணும், பதிவாளர் ஆபீஸ் இல்லாத வேற இடத்துல பதியணும்னா அதுக்கு லைசென்ஸ் தனி, அதனால பலபேர் தேசியப் பதிவுத் துறை ஜேபிஎன்ல முதல்ல பதிஞ்சுட்டு அப்புறம் கடலோரத்துல சடங்கு வச்சுக்கறாங்க, எனக்கும் அதுதான் சரின்னு படுது.

கடைசியா டெபாசிட். ஹோட்டல்காரங்க "மழை வந்தா உள்ள இடம் தருவோம்"னு வாயால சொல்லுவாங்க, அந்த நாள் அந்த ஹாலை வேற விழாவுக்கு கொடுத்திருந்தா நீங்க லாபிலதான் நிக்கணும். ஹாலோட பேரு, தேதி, எத்தனை மணியிலேருந்து எத்தனை மணி வரைக்கும், 40 நாற்காலி, ஹோமத்துக்கு அங்க அனுமதி உண்டா இல்லையா, இது எல்லாம் ஒப்பந்தத்துல எழுத்துல வந்த பிறகு பணம் கட்டுங்க.